முதலியார்சாவடியில் தட்டாத பாஸ்வேர்டு

காலை 9.30. மரக்காணத்தில் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி ஸ்டெல்லாவும். பெரிய முதலியார்சாவடிக்கு ஆளுக்கு முப்பது ரூபாய். முப்பது கிலோமீட்டர் இருக்கும்.

போகவேண்டி வந்தது என்னால்தான். முந்தின நாள் உப்பளத்தில் உப்பு வாரக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த போன் பாத்தியில் விழுந்தது. உப்புத்தண்ணீரில் விழுந்த போன் பிழைக்காது. சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டோம். அதில் விண்ணப்பம் போட முடியாது.

ஸ்டெல்லா நர்ஸ் படித்தவள். அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு மூன்று வருடம் காத்திருந்தாள். பஸ் ஏறிய அன்றே மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பத்தை அனுப்பவேண்டும். எங்கள் ஊரில் அன்றைக்கு மின்நிறுத்தம், கூனிமேடு வரைக்கும்.

போகிற வழியிலுள்ள அந்தக் கூனிமேட்டில் அவளோடு படித்த ரெஹானா இருக்கிறாள். போன் கேட்கலாம் என்றாள் ஸ்டெல்லா. அடுத்தவர் போனைக் கேட்பதா என்று நான் சொல்லிவிட்டேன். காசு கொடுத்தால் கடையில் வேலை முடியும் என்பது என் கணக்கு. பஸ் கூனிமேட்டைத் தாண்டும்போது அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

11.00. பிரவுசிங் சென்டர் பூட்டியிருந்தது. இரண்டு மணிக்கு வருவார் என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். காத்திருந்தோம்.

2.15. கடை திறந்தது. நான்கு கம்ப்யூட்டர். ஸ்டெல்லா உட்காரப்போனாள். இரு என்றேன். பாத்தியில் தண்ணீர் விடும் முன் வரப்பை ஒரு சுற்றுச் சுற்றுவோம். நண்டு வளை இருந்தால் தண்ணீர் போய்விடும். அந்தப் பழக்கம். மேசைக்குப் பின்னால் போய் கீபோர்டு வயரைக் கையாலேயே பிடித்துக்கொண்டு போனேன். வயர் பெட்டியில் சேருமிடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. மற்ற மூன்றிலும் அது இல்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். "வயர் ஜாயின்ட்டுங்க அது," என்றார்.

கழற்றினேன். வயரை நேராகச் சொருகினேன். கீபோர்டு வேலை செய்தது. அவர் முகம் மாறியது. எவன் சொருகினான் என்று தெரியாது என்றார். பொய் சொல்கிற முகமில்லை.

அடிக்கிற எழுத்தையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவள் பாஸ்வேர்டு எவனுக்காவது கிடைத்தால் விண்ணப்பத்தையே அவன் மாற்றிவிடலாம்.

எடுத்துவிட்டோமே, பாஸ்வேர்டை அடி என்றேன். எனக்குள்ளே கொஞ்சம் பெருமை.

"வெளிய இருந்தது உங்க கைக்கு மாட்டுச்சு," என்றாள். "உள்ள ப்ரோக்ராமா போட்டிருந்தா? வாங்க, போலாம்."

மற்ற மூன்றையும் அவள் தொடவில்லை. மணி 2.50.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். காலாப்பட்டில் நெரிசல். மணியைப் பார்க்கவில்லை, பார்த்து என்ன ஆகப்போகிறது.

4.10. கூனிமேடு. ரெஹானா கதை கேட்டுச் சிரித்தாள். "ஏன்டி, காலையில எங்க வாசல் வழியாதானே போயிருப்பீங்க? அண்ணனுக்குப் போன் கேக்க வெக்கமா?"

அவள் சொன்னது சரி.

போனைக் கொடுத்துவிட்டு ரெஹானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஸ்டெல்லா பாஸ்வேர்டு அடித்து முடிக்கும் வரைக்கும். பட்டன் போனில் வந்த ஓடிபி நம்பரை நான் படித்துச் சொன்னேன். 4.38க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. ஸ்டெல்லா லாகவுட் செய்தாள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று போன் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ரெஹானா டீ போட்டாள்.

6.15. மரக்காணம். இருபத்தைந்து வருடமாக வரப்பு சுற்றுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற வளைதான் எனக்குத் தெரியும். தெரியாத வளையும் உண்டு என்று மூன்று வருடக் காத்திருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடையைவிட்டு வந்தவள் அவள்.

ஸ்டாப்பில் உப்பளத்துக் கூட்டாளி குப்பன் நின்றான். "ஏம்பா, போன் போனதுக்கு நாள் பூரா ஊர் சுத்திட்டு வர்றியா?"

"ஆமாம்பா," என்றேன். "ஊர் சுத்த வெச்சது நான். சரியான இடத்துக்கு ஸ்டெல்லாதான் கூட்டிட்டுப் போனா."