முகமில்லாத கூறை

என் எழுத்து கோழி கிளறினது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பிழைகளைப் பொறுத்து வாசிக்க வேணும். வாயால் சொல்லக் கூச்சமானபடியால்தான் எழுதுகிறேன்.

அம்மாவை எரித்தபோது அவவின் கலியாணக் கூறைச்சேலையும் கூடவே போனது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து வந்த பின்னேரம், அம்மாவின் தங்கையான என் சின்னம்மா நீர்வர்ணப் பெட்டியைத் திறந்து, அந்தச் சேலையை நினைவிலிருந்து கீறத் தொடங்கினா. அரக்கு நிறம், மாங்காய்க் கரை. ஒருத்தி உடுத்து நிற்பது போலவே மடிப்புகள் விழுந்திருந்தன. ஆனால் உள்ளே ஆள் இல்லை.

"முகம் எங்கை, சின்னம்மா?"

"பொறு. ஆர் உடுக்கிறதெண்டு இன்னும் முடிவாகேல்லை."

மாரிகாலம். கடற்காற்றின் ஈரத்தில் வர்ணம் காயவே இல்லை. சுவரில் குத்தியிருந்த கடதாசி நெஞ்சுப் பக்கம் புடைக்கும், பிறகு அமரும். அது மூச்சு விடுகிறதென்று நான் அந்த அறைக்குள் தனியே போகமாட்டேன்.

அந்த நாட்களில் அம்மாவின் அண்ணனான மாமா அடிக்கடி வந்தார். சின்னம்மாவை என் தகப்பனான ஐயாவுக்கே கட்டிவைக்க வேணுமென்பது அவர் எண்ணம்.

"பெடியன் தாயில்லாமல் நிக்கிறான். உனக்கு இரக்கமில்லையே?"

"அண்ணை, எனக்குச் சித்திர ரீச்சராய்ப் போகத்தான் விருப்பம்."

"ஆளில்லாத சீலையைக் கீறிப்போட்டு ரீச்சராம்! கொடியிலை காயப்போட்டால் நானும் பாப்பன்."

சின்னம்மா ஓம் என்று சொல்லவில்லை. ஆனாலும் நாள் வைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைதானே கூறை எடுக்க வேணும். ஐயா யாழ்ப்பாணம் போய் எடுத்து வந்தார். அந்தப் படத்தை அவர் பார்த்ததேயில்லை. அவருக்குத் தெரிந்த கூறை ஒன்றுதான் போலும்.

மணவறையிலிருந்து எழுந்து கூறை மாற்றப் போன சின்னம்மா, திரும்பி வந்து அறை வாசலில் நின்றுவிட்டா. அதே அரக்கு, அதே மாங்காய்க் கரை. தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. தோழி தொட்டும் கால் எடுத்து வைக்கவில்லை. மேளம் நின்று நின்று அடித்தது. காற்றில் சேலை நெஞ்சுப் பக்கம் மெல்லப் புடைத்து அமர்ந்தது.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "கேட்டியே? பெடியனே கூப்பிட்டிட்டான்!" என்று மாமா அவவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தாலி ஏறியது. சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், யாரோ பதில் சொல்லப்போவது போல், வெறும் முற்றத்தைப் பார்த்தா.

மறுநாள் சுவரில் படம் இல்லை. வர்ணப் பெட்டியை என் கையில் தந்து, "நீயே வைச்சு விளையாடு" என்றா. நான் யாரைக் கூப்பிட்டேன் என்பது அவவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இனி அந்தப் பெட்டி என்னுடையது என்பதுதான். தெருமுழுக்கக் காட்டித் திரிந்தேன்.

எழுதியது: 1982, தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.