ஊசி நகராத பாட்டு

மாலை நாலேகால் மணி. எழுபத்தைந்தாம் வருடம், சித்திரை மாதம். இண்டூர்ப் பக்கம் என் கொழுந்தனார் முறை உறவினர் ஒருவரின் தோட்டத்து வீட்டில், மறுநாள் காதுகுத்துக்காகக் கூடியிருந்தோம். அப்போதுதான் பாட்டு ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது.

மைக்செட் என் மகனுடையது. நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அந்தத் தொழிலில் இறங்கியிருந்தான். விசேஷத்துக்கு முதல் நாளே ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கரண்ட் வசதி கிணற்று மோட்டார் அறையில் மட்டும்தான் இருந்தது. செட்டை அங்கே வைத்து, கிணற்றோரத் தென்னையில் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தான். வீட்டுக்கும் அதற்கும் நடுவே கடலைக்காடு.

சாமிப் பாட்டு முடிந்ததும், பெங்களூரில் ஆசையாக வாங்கிவந்த அமெரிக்க இசைத்தட்டைப் போட்டான். ‘ஃபங்க்’ இசையாம். ஒரு கறுப்பினப் பாடகர் ஒரே தாளத்தில் போய்க்கொண்டே நடுநடுவே உறுமுவார். எங்கள் வீட்டில் அந்தத் தட்டுக்குக் கிடைத்த ஒரே வரவேற்பு என் திட்டுதான். இங்கேயும் ஒரு பெண் என்னிடம், “ஏனுங் டீச்சர், இது பாட்டுங்களா, மோட்டார் ஓடற சத்தமுங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு நாலு தாள அடி, ஓர் உறுமல். மறுபடி நாலு அடி, அதே உறுமல். பாட்டே அப்படித்தான் என்று எண்ணி எல்லோரும் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். அந்த இடத்தில் தட்டில் ஒரு கீறல் உண்டு. சிக்கிய மறுநொடியே மகன் விரலால் ஊசியைத் தள்ளிவிடுவான். உடனே டிரம்பெட் வரும். வரவில்லை.

யாரிடமும் சொல்லாமல் கடலைக்காட்டில் இறங்கி நடந்தேன். கிட்டே போகப் போக, அது பாடுகிறவரின் உறுமலாகத் தோன்றவில்லை. எங்கோ மாட்டிக்கொண்ட ஒருவனின் முனகலாகத் தோன்றியது. அறை வாசலில் அவன் செருப்பு கிடந்தது. உள்ளே பாதி குடித்த டீ. தட்டு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஊசியைத் தூக்கினேன்.

அந்த அமைதியில், தரைக்கு அடியிலிருந்து “அம்மா” என்று கேட்டது.

கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு. ஸ்பீக்கரைத் திருப்ப நினைத்து, அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்து விழுந்திருக்கிறான். ஒரு கை முறிந்துவிட்டது. மறுகையால் மோட்டார் பைப்பைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் தொங்கினான். விழுந்ததிலிருந்து கத்தியிருக்கிறான். அவன் கட்டிய ஸ்பீக்கரே அவன் குரலை விழுங்கிவிட்டது.

“கை வழுக்குதும்மா” என்றான்.

கல்படிகளில் இறங்கி, கடைசிப் படியில் படுத்து அவன் சட்டைக் காலரைப் பற்றினேன். மேலே இழுக்க எனக்குப் பலமில்லை. கத்தவும் குரல் எழும்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது.

கடைசியில் மேலே காலடிச் சத்தம் கேட்டது. கொழுந்தனார்தான். மோட்டார் அறைப் பக்கம் பார்த்துப் பேசினார்: “ஏம்ப்பா மைக்செட்டு, ஏன் நிறுத்திப்புட்டே? இப்பத்தான் அந்தப் பாட்டு எங்களுக்குப் புடிபட்டுச்சு.”

என்னிடமிருந்து எழுந்த அலறலில்தான் அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு கயிறும் ஆட்களும் வந்து மகனைத் தூக்கினார்கள். அவன் கை கூடிவிட்டது, தொழிலையும் விடவில்லை. அந்தத் தட்டைப் போட்டால் இப்போது நான் திட்டுவதில்லை. ஆனால் கீறலைத் தாண்டி டிரம்பெட் வரும்வரை, அவன் என் கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், எனக்கு மூச்சு வருவதில்லை.