பெட்டியில் வராத பருத்தித்துறை வடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, நார்வேயின் ஒஸ்லோ நகரத்தில், சர்வதேச வணிகச் சட்டத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நான் திருச்சிக்காரி. உண்மையில் அங்கே நான் தனியாகப் போவதாக இருக்கவில்லை. சட்டக் கல்லூரி விடுதியில் ஐந்து வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதியும் நானும் சேர்ந்து விண்ணப்பித்தோம், இருவருக்குமே இடம் கிடைத்தது. எந்தப் பாத்திரத்தை யார் எடுத்து வருவது என்பதுவரை பேசி வைத்திருந்தோம். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, 'நான் வரலடி' என்று ஒரு வரி அனுப்பினாள். 'இனிமே என்கிட்ட பேசாதே' என்று நானும் ஒரு வரி அனுப்பிவிட்டு விமானம் ஏறிவிட்டேன்.

ஒஸ்லோவில் நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் அவள் நினைப்பு வந்து படுத்தும். டிராமில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்கூட அவளுக்குப் பிடித்து வைத்த இடம்போலத் தோன்றும். ஆனாலும் வீம்பு விடவில்லை.

சனிக்கிழமைகளில் நகரத்தின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு மளிகைக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். கடை ஒரு யாழ்ப்பாணத்து அக்காவுடையது. பத்து வயதில் அகதியாக வந்தவர். ஊரில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி யாழ்ப்பாணத்திலேயே மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்தார். அவரிடமிருந்துதான் கடைக்கு மிளகாய்த்தூள் வரும். இருவருக்கும் நடுவே ஒப்பந்தம், கையெழுத்து எதுவும் கிடையாது. போனில் ஒரு வார்த்தை போதும், பெட்டிகள் வந்துவிடும். முதல் பெட்டியில் தூளுக்கு மேலே எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அக்காவுக்காகத் தோழி சுட்டு அனுப்பும் பருத்தித்துறை வடை, நம் ஊர்த் தட்டை மாதிரி பல நாள் கெடாமல் இருக்கும்.

அந்த நவம்பரில் வந்த தூள் ஈரம் பட்டுக் கட்டி கட்டியாக இருந்தது. பூஞ்சை வாடை வேறு. வடை மட்டும் மொறுமொறுவென்று இருந்தது. அக்கா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அவளுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. பிறகு ஆறுதலா எடுத்துக் கதைப்பம்" என்றார்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். நான் அன்று அரைக்குடம்கூட இல்லை. சர்வதேச விற்பனை உடன்படிக்கைப்படி, சரக்கில் குறை இருந்தால் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்கு அறிவிக்க வேண்டும், தவறினால் கேட்கும் உரிமையே போய்விடும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். புதுக் கத்தி வாங்கியவளுக்கு எதையாவது நறுக்கிப் பார்க்காமல் இருக்க முடியுமா? "போன்ல சொன்னா சாட்சி இருக்காதுக்கா. எழுத்துல போகணும்" என்று விடாப்பிடியாக நின்றேன். இலங்கை அந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு அறிவிப்புக் கடிதம் தயாரித்தேன். அக்கா படித்துப் பார்த்து, "கொஞ்சம் கடுமையாக் கிடக்கு, என்ன?" என்றார். வணிகம் என்றால் அப்படித்தான் என்றேன். கடையின் மின்னஞ்சலிலிருந்து நானே அனுப்பினேன். அன்று எனக்கு ஒரே பெருமை.

பதில் இரண்டு வரியில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். மாற்றுச் சரக்கு அனுப்பப்படும், அவ்வளவுதான். சொன்னபடியே சில வாரத்தில் பெட்டிகள் வந்தன. தூள் அருமையாக இருந்தது. "பாத்தீங்களாக்கா!" என்றேன்.

அக்கா முதல் பெட்டியைத் திறந்து மேலே பார்த்தார். பிறகு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடிவரை பார்த்தார். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. கடைசிப் பெட்டியையும் கொட்டிப் பார்த்துவிட்டு, "அவள் வைக்கேல்லை" என்றார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று முழுவதும் கல்லாவில் முகத்தைத் திருப்பியபடியே உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட போனுக்கும் தோழி "ஓம், சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். கடிதம் நான் எழுதியது என்று அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து மறுநாள் காலை நானே அந்தத் தோழியை அழைத்தேன். எழுதியது நான், அக்கா போனில் பேசத்தான் நினைத்தார், தடுத்ததும் நான் என்று மூச்சுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கடிதத்திலை பிழை இல்லைத் தங்கச்சி. நல்ல வடிவாத்தான் எழுதியிருந்தனீங்கள். அந்தத் தூள் பெட்டியிலை கட்டின கிழமை இஞ்சை வெள்ளம் மில்லுக்குள்ளை வந்திட்டுது. ஏனடி, என்ன நடந்தது எண்டு அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதிலேயே நின்றது. 'நான் வரலடி' என்று எழுதியவளிடம் ஏன், என்ன நடந்தது என்று நான் கேட்டேனா? ஐந்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவள் வீட்டில் என்ன வெள்ளம் புகுந்ததோ. அழுதேவிட்டேன்.

அடுத்த தடவை வந்த பெட்டியில் இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்றின்மேல் 'சட்டம் படிக்கிற பிள்ளைக்கு' என்று எழுதியிருந்தது. அக்கா அங்கேயே தோழிக்குப் போன் போட்டு, வாய் நிறைய வடையோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தார். நான் என் பொட்டலத்தில் பாதியை அவளுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, 'அன்னைக்கு என்னடி ஆச்சு? கேட்காம விட்டுட்டேன்' என்று என் சிநேகிதிக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை.

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று அந்தச் சட்டம் கணக்குச் சொல்வதில்லை. மீன் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும், இயந்திரம் என்றால் கொஞ்சம் நீளும், சரக்கைப் பொறுத்தது என்று தேர்வில் நன்றாகவே எழுதித் தேறினேன். ஒரு சிநேகிதிக்கு அது எவ்வளவு காலம் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. இன்னும் முடிந்திருக்கக் கூடாதே என்றுதான் இன்றைக்கும் காலையில் எழுந்ததும் போனை எடுத்துப் பார்க்கிறேன்.