ரயில் சவரிமுத்துவின் பீப்பாயும் என் உப்பும்

சேதி காலையில் முதல் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் இறங்கி, எப்போதும் கேட்கிற இட்லியைக் கேட்காமல், அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, ஆலங்குடியில உங்க மூத்தாரு தவறிட்டாராம். விடியக்காலையில. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. நான் அதை இறக்கவில்லை. மலர வேகவிட்டுக் கடைந்து, சாம்பார் கூட்டி, உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் கீரனூரிலிருந்து புறப்பட்டேன். தம்பி பெண்டாட்டி தாமதமாக வந்தாள் என்று பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பருப்பைப் பாதி வேக்காட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் அவரே எழுந்து திட்டியிருப்பார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பந்தலில் வாசிப்பதற்காக, அவரோடு பழகியவர்கள் நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று அவர் மகன் கேட்டிருக்கிறான். வாத்தியார்கள் எழுதுவார்கள். ரயில்வேயில் கூட வேலை பார்த்தவர்கள் எழுதுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எனக்கு மறதி கிடையாது. "நல்லதா எழுதுங்க சின்னம்மா" என்றான். நல்லதும் எழுதுகிறேன்.

ரயில் சவரிமுத்து என்றால் உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். எஞ்சினுக்கு ஊற்றுகிற தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் பாய்லருக்குள் பொருக்குக் கட்டிக் கெட்டுப்போகும். அந்தச் சத்தை எடுத்து மெதுத் தண்ணீராக்குகிற தொட்டியில்தான் அவருக்கு முப்பது வருஷ வேலை. சமஸ்தானம் போய் நாம் மெட்ராசோடு சேர்ந்த சமயம், பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து திருச்சி ரோட்டில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அடுப்பு என் பொறுப்பு.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்கக் கண்ணாடி. சோப்புப் போட்டால் நுரைக்காது, தயிர் மாதிரி திரியும். டீத்தண்ணீரில் ஆடை கட்டும். துவரம்பருப்பு மூன்று மணி நேரம் கொதித்தாலும் பல்லில் கடிபடும். டிரைவர் ஒருவர் கரண்டியால் சாம்பாரைக் கிளறிவிட்டு, "ரோடு போடுற எடத்துல மிச்சமானதாம்மா இது?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "எஞ்சினுக்குக் குடுக்கிற தண்ணிய மனுசனுக்குக் குடுத்தா என்னவாம்?" என்றார். ரயில்வேயில் கழித்துப் போட்ட சாமான் ஏலத்தில், சுண்ணாம்பை இழுத்துக்கொள்கிற பச்சை மணல் இரண்டு மூட்டை எடுத்து வந்தார். ஒரு இரும்புப் பீப்பாயின் அடியில் குழாய் வைத்து, கூழாங்கல் பரப்பி, பொடிக்கல் பரப்பி, அதற்குமேல் பச்சை மணலைக் கொட்டினார். மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கீழே மெதுத் தண்ணீர் வந்தது. முதல் நாள் பருப்பு ஒரே கொதியில் பூவாய் மலர்ந்தது. நான் அடுப்படியில் நின்று அழுதேன். அதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அவருக்கு அந்த மரியாதை உண்டு.

பத்து நாளைக்கு ஒருமுறை மணல் களைத்துப்போகும். அப்போது உப்பைக் கரைத்து ஊற்றி, ஒரு நாழிகை ஊறவிட்டு, குழாயில் கரிப்புப் போகும்வரை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கரிப்புப் போயிற்றா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். "நாக்குதான்டா பெரிய ஆபீசர், லஞ்சம் வாங்காது" என்பார். பிறகு ஒரு சீசாவில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குவார். நுரை நின்றால் தலையை ஆட்டுவார். நுரை விழுந்தால் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களில் கிடையாது. நான் அவரிடம் சொல்ல வேண்டியதை அவர் மனைவி மரியாயி அக்காவிடம் சொல்ல வேண்டும். அவர் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். எல்லாம் காதில் விழும். இருந்தாலும் அக்கா திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டதாக ஆகும். அவர் பதிலும் அக்காவுக்குத்தான். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டேன். ஒரு வார்த்தை நேரே போனதில்லை, வந்ததில்லை.

இரண்டாம் வருஷம் பீப்பாய் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பத்து நாள் ஓடியது ஐந்து நாளாயிற்று, பிறகு மூன்று நாள். அவர் குழாயைக் கழற்றினார். தோல் வாசர் மாற்றினார். மணலை அள்ளி வெயிலில் காயப் போட்டார். கூடுதலாக உப்பைக் கொட்டினார். சீசாவில் நுரை விழுந்துகொண்டே இருந்தது.

எனக்குக் காரணம் தெரியும். நான் மணமேல்குடிப் பக்கம் உப்பளத்தில் வளர்ந்தவள். அளத்திலிருந்து வந்த புது உப்பில் ஒரு கசப்புத் தண்ணீர் இருக்கும். எங்கள் வீட்டில் புது உப்பை யாரும் பானையில் போடமாட்டார்கள். ஓலைக் கொட்டானில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் சட்டி வைப்பார்கள். கசப்பெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கின பிறகுதான் அது உப்பு. மூத்தார் சந்தையில் வாங்கி வந்தது, ஈரம் காயாத புது உப்பு. சாக்கு நனைந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கசந்தது.

"அக்கா, உப்புத்தான் கோளாறு. கசப்பு இறங்காத உப்பு. ஒரு மாசம் தொங்கவிட்டுப் போடச் சொல்லுங்க" என்றேன். அவர் பீப்பாய்க்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தார்.

அக்கா சொன்னாள். அவர் நிமிரவில்லை.

"அவட்ட சொல்லு, இது கருவாட்டுப் பானை இல்ல, மெஷினுன்னு. முப்பது வருசம் ரயில்ல உப்பக் கொட்டினவன் நானு. உப்புல என்ன நல்ல உப்பு, கெட்ட உப்பு?"

அக்கா என் பக்கம் திரும்பி, "மெஷினாம்" என்றாள். அவ்வளவுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. மற்றதை நான் என் காதாலேயே கேட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம் கோயில் திருவிழாச் சாப்பாடு எங்கள் கடைக்கு வந்தது. இருநூறு பேர். முந்தின நாள்தான் மணலுக்கு அந்தப் புது உப்பைக் கரைத்து ஊற்றியிருந்தார். காலையில் பருப்பைப் போட்டேன். பத்து மணிக்கும் வேகவில்லை, பன்னிரண்டுக்கும் வேகவில்லை. மத்தால் அடித்தால் உருண்டு ஓடியது. பந்தி உட்கார்ந்துவிட்டது. அப்படியே ஊற்றினோம். ஒரு பெரியவர் வாயிலிருந்து பருப்பை எடுத்து இலையோரம் வரிசையாக வைத்தார். "செபமாலைக்கு ஆகும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அப்போது என் மூத்தார் பந்திக்கு நடுவில் வந்து நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னார். "மெஷின்ல தப்பில்ல. கடக்கரைக்காரி. கை சுத்தம் கெடையாது. எச்சிக் கையோட உப்பள்ளிப் போட்டு மணலையே கெடுத்துட்டா."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மூத்தார் முன்னால் வந்து மறுத்துப் பேச எனக்கு வாய் கிடையாது. என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரும் இப்போது உயிரோடு இல்லை, அவர் கணக்கு வேறு.

அன்று சாயங்காலமே அடுப்பு மரியாயி அக்காவுக்குப் போயிற்று. எனக்குப் பாத்திரம். பதினாலு மாசம். கை சுத்தம் இல்லாதவள் என்று பெயர் எடுத்தவளை யாரும் சமைக்கக் கூப்பிட மாட்டார்கள். விசேஷ வீடுகளில் நான் போனால், "நீங்க சும்மா உக்காருங்க" என்று இனிப்பாகச் சொல்லி அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார்கள். இந்தப் பந்தலிலும் அவர்களில் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அடுத்த வருஷம் தபசுகாலம் தொடங்கிய அன்று மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கொட்டானில் உப்பைத் தொங்கவிட்டேன். நாற்பது நாளும் சொட்டியது. சட்டியில் சேர்ந்ததை வேலியோரம் கொட்டினேன். அங்கே புல்லும் முளைக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து மூத்தார் கண்ணைக் காட்டத் திருச்சிக்குப் போனார். ஆப்பரேஷன், பத்து நாள் ஆஸ்பத்திரி. அவர் பஸ் ஏறியதும் நான் பீப்பாயைத் திறந்தேன்.

"அடியே, தொடாத. தெரிஞ்சா என்னயக் கொன்னுபுடுவாரு" என்றாள் மரியாயி அக்கா.

"நீங்க தொட வேணாம். வாசல்ல நின்னு யாரும் வந்தாச் சொல்லுங்க."

மணல் முழுவதையும் அள்ளிக் குண்டானில் போட்டு அலசினேன். கூழாங்கல்லை வைக்கோலால் தேய்த்தேன். குழாய் வாயில் அடைத்திருந்த துருவை ஈர்க்கால் குத்தி எடுத்தேன். எல்லாவற்றையும் அவர் வைத்த அதே வரிசையில் திரும்ப வைத்து, என் உப்பைக் கரைத்து மூன்று நாள் மூன்று தடவை ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கரிப்பு அற்றுப்போகும்வரை கழுவினேன். சீசாவைக் குலுக்கினேன். நுரை நின்றது. அக்கா சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நிக்கிதுடி" என்றாள்.

அவர் ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு வந்தார். கைகழுவப் போனவர் சோப்பு வழுக்கியதும் நின்றார். சீசாவைக் கேட்டு வாங்கிக் குலுக்கினார். வெகு நேரம் பார்த்தார்.

"பாத்தியா மரியாயி, போறதுக்கு முன்னாடி வாசர் மாத்துனேன்ல. அது உக்கார பத்து நாளாவும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

அந்த "ஆமா"வை நான் அவளுக்கு மன்னித்துவிட்டேன். ஒரு வாரத்தில் முழங்கை வலி என்று சொல்லி அடுப்பை என்னிடம் தந்துவிட்டாள். அவருக்கு மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் புது உப்பு வாங்கி வருவார். நான் அதைக் கொட்டானில் தொங்கவிட்டுப் பழைய உப்பைச் சாக்கில் மாற்றி வைப்பேன். தன் மெஷின் பழுதில்லாமல் ஓடுகிறது என்று ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

பாகம் பிரிந்து அவர் ஆலங்குடிக்கு மகனிடம் போனபோது, மணலை மரக்காலால் அளந்து சரிபாதி எங்களுக்கு வைத்தார். கடைசி மரக்கால் குறைந்தபோது தன் பங்கிலிருந்து எடுத்து நிரப்பினார். அதுவும் எனக்கு மறக்கவில்லை. நான் வேறு பீப்பாய் வாங்கி, நானே குழாய் வைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் பேத்தி ஞானஸ்நானத்துக்கு ஆலங்குடி போனேன். கைகழுவக் கொல்லைப் பக்கம் போனால், தென்னை மரத்து நிழலில் ஓலைக் கொட்டான் தொங்குகிறது. அடியில் சட்டி. முக்கால் சட்டி கசப்புத் தண்ணீர்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா காலடியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவர் எதிரில் நின்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"அந்தக் கொட்டான் யாரு சொல்லிக் குடுத்தது?"

உரல் சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். வாய் கொஞ்சம் அசைந்தது; சொல்லிவிடுவார் என்றுகூட நினைத்தேன். பிறகு முகத்தை அக்கா பக்கம் திருப்பினார்.

"அவட்ட சொல்லு, ரயில்ல இதெல்லாம் எல்லாரும் செய்யிறதுதான்னு."

அக்கா என்னிடம் எதையும் சொல்லவில்லை. குனிந்து மறுபடி இடித்தாள்.

சவப்பெட்டியை மூடும்போது எல்லோரும் அவர் நெற்றியில் சிலுவை போட்டார்கள். நானும் போட்டேன். அந்தத் திருவிழாப் பருப்பு வேகாமல் போனதற்கு என் கை காரணமில்லை, அவர் உப்புக் காரணம். அவருக்கும் அது தெரியும். இதை அந்தப் பந்தியில் சொல்ல முடியாதவள் இந்தப் பந்தலில் சொல்கிறேன். வாசிக்கிற பிள்ளை இந்த இடத்தை விட்டுவிடாமல் வாசிக்க வேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், பாதி மணல் இருக்கிறது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் உலை ஏற்றாத பழக்கம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அது போன வாரம்தான் தெரிந்தது. என் மருமகள் லூர்து பீப்பாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அத்தை, மேல வெள்ளத் துணி ஒன்னு கட்டி ஊத்தினா மணல்ல பாசி ஏறாதுல்ல?" என்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மகனிடம், "ஒம் பொண்டாட்டிட்ட சொல்லு, இந்தப் பீப்பாய அவ வரதுக்கு முன்னாடியே நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்னு" என்றேன். அவள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். துணி இன்னும் கட்டவில்லை.