நெடுந்தீவுச் சேர்வரை எழுப்பிய பிரசாந்தி

எந்த இயந்திரமானாலும் அது இயங்கத் தொடங்குகிற கணம் பிரசாந்திக்குப் பிடிக்கும். சிறுமியாக இருந்தபோது, தகப்பன் நமசிவாயம் தோட்டக் கிணற்றடியில் நீர் இறைக்கும் மெஷினின் கயிற்றை இழுக்கும்வரை பக்கத்திலேயே காவல் நிற்பாள். அது இருமி, உறுமி, தண்ணீரைக் கக்கியதும் கைதட்டிக்கொண்டு வாய்க்கால் வழியே ஓடுவாள். தெல்லிப்பழையில் படித்த காலத்தில், பள்ளிக்கூட மூலையில் போட்டிருந்த பழைய கணினிகளைக் கழற்றிப் பூட்டி இரண்டை ஓட வைத்தாள். பேச்சு வேகம், நடை அதைவிட வேகம். "இவளுக்குக் காலிலை வண்டிச் சில்லுப் பூட்டியிருக்கு" என்பாள் தாய் பராசக்தி.

இப்போது அவள் யாழ்ப்பாண நகரத்துச் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடங்கள், சங்கங்களுக்கான சேர்வர்களை, அதாவது எந்நேரமும் ஓடும் மையக் கணினிகளை, தூரத்தில் இருந்தே பார்த்துக்கொள்ளும் வேலை. வாரத்தில் பாதி நாள் சண்டிலிப்பாய் வீட்டு அறைதான் அலுவலகம். அறுவடைக் காலத்தில் அந்த அறையின் கூரை வளையில் வெங்காயப் பிடிகள் தொங்கும். அவற்றுக்குக் கீழேதான் அவளுடைய மேசை. நிறுவனத்தை நடத்துபவர் றொபின். எதையும் இரண்டு தரம் யோசித்துவிட்டு மூன்றாம் தரமும் யோசிக்கிற மனிதர்.

அன்று சோளகக் காற்று காலையிலிருந்தே பனைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பிரசாந்தியின் கணினி கத்தியது. நெடுந்தீவு மீனவர் சங்கத்தின் சேர்வர் சூடாகிக்கொண்டிருந்தது.

அந்தச் சேர்வரை அவள் நேரில் கண்டதில்லை. ஆனால் அது செய்யும் வேலை அவளுக்குத் தெரியும். தீவின் ஒவ்வொரு படகிலும் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பெட்டி சேர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டியதுதான். சேர்வர் அதைப் பிடித்துப் பக்கத்தில் உள்ள படகுகளுக்கும் கரைக்கும் அறிவிக்கும்.

கை கழுவக்கூட நேரமில்லை. இடது கையால் தட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சங்கத்தின் செயலாளர் அடைக்கலநாதன்.

"பிள்ளை, தீவிலை கரண்ட் இல்லையாம். சேர்வர் நிக்கேல்லையே?"

"நிக்கேல்லை அண்ணை, சோலர் பற்றரியிலை ஓடுது. ஆனா ஏசி நிண்டிட்டுது. அறை கொதிக்குது. ஆரையும் விட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கோ, கெதியா!"

"பூட்டின்ரை திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளை கிடக்கு. நான் இக்கரையிலை, குறிகட்டுவான் துறையிலை நிக்கிறன். காத்துக்குத் தீவுக்குப் போற பயணிகள் போட் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டாங்கள்." அவருடைய குரல் தாழ்ந்தது. "அது இரும்புக் கதவு, உடைக்கேலாது. எங்கடை ஆக்கள் கடலுக்கை நிக்கினம் பிள்ளை."

"நான் பாக்கிறன் அண்ணை. போனைக் கையிலையே வைச்சிருங்கோ."

சேர்வர்களின் உள்ளே இன்னொரு குட்டிக் கணினி இருக்கும். கொன்ட்ரோலர் என்பார்கள். பெரிய கணினி தூங்கினாலும் இது தூங்காது. தூரத்தில் இருப்பவர் சேர்வரை நிறுத்தவும் எழுப்பவும் இதைத்தான் பிடிக்க வேண்டும். உள்ளே சுழலும் விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் இதுதான். பிரசாந்தி அதன் இணையப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வலையமைப்பு வழியாகக் கட்டளை அனுப்பினாள். பதில் இல்லை.

விளங்கிவிட்டது. கொன்ட்ரோலர் மரத்துப்போய்க் கிடந்தது. சூடு ஏறுவதை அது காணவில்லை. விசிறிகள் குளிர்ந்த அறையில் சுற்றிய அதே மெல்லிய வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் சூடேறினால் சேர்வர் தன்னைக் காப்பாற்றத் தானே நின்றுவிடும். நின்றால் அதைத் திரும்ப எழுப்பக் கொன்ட்ரோலர் இல்லை. போய் எழுப்பப் படகும் இல்லை.

பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு துடிப்பும் இருந்தது. அவசரமில்லாத வேலைகள் எல்லாவற்றையும் சேர்வரில் நிறுத்தி அதன் பாரத்தைக் குறைத்துவிட்டு றொபினை அழைத்தாள்.

"கொன்ட்ரோலர் வெளியிலை இருந்து கூப்பிட்டால் கேக்குதில்லை அண்ணை. சேர்வருக்கு உள்ளாலை போய் அதை றீசெற் செய்து எழுப்பப்போறன்."

"பொறும், பொறும். அது றீசெற் ஆகேக்கை சேர்வரும் சேர்ந்து நிண்டால்?"

"நிக்காது. ரெண்டும் வேறை வேறை. போன மாசம் எங்கடை பரிசோதனைச் சேர்வரிலை செய்து பாத்தனான், அது தன்ரை பாட்டிலை ஓடினது."

"அது பரிசோதனை. இதிலை ஆக்கள் நிக்கினம்."

"அதுதான் அண்ணை சொல்லுறன்! சேர்வரின்ரை சூடு தொண்ணூறு பாகையைத் தாண்டிட்டுது. நாங்கள் யோசிச்சுக்கொண்டு இருந்தாலும் நிக்கத்தான் போகுது."

றொபின் இந்த முறை மூன்றாம் தரம் யோசிக்கவில்லை. "செய்யும். நான் லைனிலையே நிக்கிறன்."

கட்டளையை அடித்தாள். கொன்ட்ரோலருக்குப் போகும் பாதை இல்லை என்று சேர்வர் சொன்னது. அந்தப் பாதையைத் திறக்கும் மென்பொருளை யாரும் ஏற்றியிருக்கவில்லை. ஏற்றினாள். மீண்டும் அடித்தாள். காத்திருந்து காத்திருந்து, நேரம் முடிந்தது என்றது. பற்களைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் அடித்தாள். ஒற்றை வரி வந்தது. கட்டளையை ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் அதன் பொருள்.

"எடுத்திட்டுது!" என்று கத்தினாள்.

இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. கொன்ட்ரோலர் அணைந்து, திரும்ப விழிக்க வேண்டும். ஒரு திரையில் வெப்பம். இன்னொன்றில் கடலும் படகுகளும் பச்சைப் புள்ளிகளாக. சேர்வர் நிற்கவில்லை, புள்ளிகள் அசைந்துகொண்டிருந்தன.

அப்போது ஒரு புள்ளி சிவந்தது.

"அண்ணை, ஆரோ பொத்தானை அமத்தியிருக்கினம்! தியாகராசா எண்டு பேர் கிடக்கு. தீவுக்கு மேற்காலை!"

"அறிவிப்புப் போட்டுதோ?"

"போட்டுது... போட்டுது! பக்கத்திலை ரெண்டு போட் திரும்புது, பாருங்கோ!"

மேற்கே போய்க்கொண்டிருந்த இரண்டு பச்சைப் புள்ளிகள் வளைந்து, சிவப்பை நோக்கி ஊர்ந்தன. பிரசாந்தி கதிரையில் இருந்து எழும்பிவிட்டாள். வெப்பத்தைப் பார்த்தாள். ஒரு பாகை இறங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இன்னொன்று இறங்கியது. பிறகு மளமளவென்று சரிந்தது. கொன்ட்ரோலர் மறுபடி எழும்பும்போது விசிறிகளை முழு வேகத்தில் சுழலவிடும். அந்தப் பூட்டிய அறைக்குள் அவை ஊளையிடுவது இங்கே சண்டிலிப்பாயில் அவளுக்குக் கேட்பது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் கொன்ட்ரோலரும் பதில் சொல்லத் தொடங்கியது. வெள்ளைத் திரை மறைந்து பக்கம் விரிந்தது.

அவள் போட்ட கூச்சலுக்குப் பராசக்தி அகப்பையோடு ஓடிவந்தாள். "என்னடி, பாம்போ?"

"இல்லையம்மா, எழும்பிட்டுது!" என்று தாயைப் பிடித்துச் சுற்றினாள். சோற்றுக் கை தாயின் சேலையில் பட்டது. பராசக்தி ஏசிக்கொண்டே சிரித்தாள்.

தியாகராசாவின் எஞ்சின் இறுகிப்போய், காற்று அவரை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்ததாம். இரண்டு படகுகளும் அவரைக் கட்டி இழுத்து வந்து பொழுதுபடமுன் கரை சேர்த்தன. குறிகட்டுவான் துறையில் நின்ற அடைக்கலநாதன் அழைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே செய்தியைச் சொன்னார்.

காற்று அடங்கியதும் பிரசாந்தி முதல்முறையாக நெடுந்தீவுக்குப் போனாள். பற்றரியில் ஓடும் காற்றிழுக்கும் விசிறி ஒன்றை அறைச் சுவரில் பூட்டினாள். கதவுப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு வெட்டுவித்து, சங்கத்துக்குப் பக்கத்து வீட்டு யோசப்பினிடம் கொடுக்க வைத்தாள். தியாகராசா அவளைப் பார்க்க வந்திருந்தார்.

"பொத்தானை அமத்திப்போட்டு, இது ஆருக்குக் கேக்கப்போகுது எண்டுதான் இருந்தனான் தங்கச்சி."

"எனக்குக் கேட்டது" என்றாள்.

திரும்பும் படகில் உப்புத்தண்ணீர் முகத்தில் அடிக்க, இரைச்சலுக்கு மேலாக றொபினிடம் தொலைபேசியில் கத்திக்கொண்டு வந்தாள். "ஊர்காவற்துறையிலை நிக்கிறதும் இதே மாதிரிச் சேர்வர்தான் அண்ணை! அதிலையும் கொன்ட்ரோலருக்குப் போற பாதை திறந்து கிடக்கோ எண்டு நாளைக்கே பாக்கவேணும். நாளைக்கில்லை, இண்டைக்கே!"