வாழைப்பழத் தோலின் உட்புற மஞ்சள்

கறுத்த தலைமயிருக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை என் ஒன்பதாவது வயதில் கண்ணால் பார்த்தேன். முதலில் சிவப்பு இருக்கிறது. எங்கள் தெருவின் ஓட்டுக்கூரைகள் மழையில் நனைந்தால் வருமே, அந்தச் சிவப்பு. அதற்குள் செம்மஞ்சள், கொஞ்சம் கோபத்தோடு. அதற்கும் உள்ளே மஞ்சள். அந்த மஞ்சளுக்கு அப்பால் போகக்கூடாது என்று சித்தி சொல்லியிருந்தார். அப்பால் போனால் மயிரே மிஞ்சாது.

சித்தி, அம்மாவின் தங்கை. அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. சிட்னியின் மேற்கே, வென்ட்வொர்த்வில்லில், ரயில் போனால் குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் சிணுங்கும் ஒரு வீட்டில் நாங்கள் இருந்தோம். சித்திக்கு என்னுடைய அறையில் எதிர்க்கட்டில். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சலூன் ஒன்றில் தலை கழுவிவிடுவதும் தரையைக் கூட்டுவதும் அவருடைய வேலை. வெட்டிய மயிரைக் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அங்கே கண்ணில் பட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எந்தக் கிரீமை எதனோடு கலப்பது, எத்தனை நிமிடம் வைப்பது, எந்தக் கிண்ணத்தில் கலக்கவே கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தேவாரம் போல மனப்பாடம்.

சித்திக்கு நிச்சயம் செய்த ஒருவர் இருந்தார். மோதிரம் மாற்றி மூன்றாம் மாதம், ஊரில், வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஐந்து வருடம் ஒரு தகவலும் இல்லை. சித்தியை அம்மா எப்படியோ சிட்னிக்கு எடுப்பித்துவிட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை பகல் தொலைபேசி அடித்தது. பேசியவர் அந்த நிச்சயம் செய்தவர்தான். உயிரோடு இருந்தார், அதுவும் வேறெங்கும் இல்லை, காரில் போனால் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும், அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில். அம்மா தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். அப்பா போய்க் காரைத் துடைக்கத் தொடங்கினார். உடனே புறப்படப் போகிறோம் என்று எல்லோரும் நினைத்தோம்.

சித்தி மட்டும் புறப்படவில்லை. “அடுத்த கிழமை பாப்பம் அத்தான்” என்று அப்பாவிடம் சொன்னார்.

அடுத்த கிழமையும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த கிழமையும். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் குசினியில் வைத்துக் கேட்டார்.

“எடியே, உனக்கென்ன விசரே? ஐஞ்சு வருசம் அழுதழுது என்ரை உயிரை எடுத்தாய். மனுசன் வந்து பக்கத்திலை இருக்குது. வேறை ஆரையும் மனசிலை வைச்சிருக்கிறியோ?”

சித்தி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெங்காயம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருக்கும் அவர் முகம்.

காரணம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நான் நம்பினேன். சித்தி மூன்று கிழமைக்கு ஒருமுறை குளியலறையைப் பூட்டிக்கொண்டு தலைக்குக் கறுப்பு டை பூசுவார். ஒரு நாள் பூசிவிட்டு வந்தவரின் கண் இரண்டும் வீங்கி, முகம் இடியப்பத் தட்டுப் போல ஆகிவிட்டது. டொக்டர், இனிமேல் கறுப்பு டை தலையில் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். வீட்டில் சித்தி சொன்னது, கணவாய் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று. அன்றோடு எங்கள் வீட்டில் கணவாய்க் கறி நின்றுபோனது. அந்தப் பொய்யால் அதிகம் துன்பப்பட்டவர் அப்பா.

டை நின்றதும் உச்சியில் வெள்ளை முளைத்தது. நாளுக்கு நாள் ஏறியது. சித்தி தலைக்குத் துண்டு கட்டினார், சைனஸ் என்றார். இரவு துண்டை அவிழ்க்கும்போது நான் பார்த்தேன். வகிட்டின் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு உப்பைக் கொட்டியது போல இருந்தது. இருபத்தொன்பது வயதுத் தலையில் இது இருக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. பளபளவென்று வடிவாக இருந்ததாகத்தான் ஞாபகம்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை குஞ்சு. அவர் இதைப் பாக்கக்கூடாது.”

கறுப்பை இனி மேலே பூச முடியாது. ஆகவே உள்ளே இருக்கும் கறுப்பை எடுத்துவிடுவது என்று சித்தி முடிவு செய்தார். முழுத்தலையும் வெளிறிய மஞ்சளாகிவிட்டால், முளைத்துவரும் வெள்ளை அதற்குள் ஒளிந்துகொள்ளும். சலூனில் செய்யலாம்; ஆனால் அங்கே துண்டை அவிழ்க்க வேண்டும். வீட்டில் செய்தால் தலையின் பின்பக்கம் அவருக்குத் தெரியாது. பின்பக்கத்துக்கு நான்.

முதல் முறை ஒரு ஞாயிறு காலை. நல்ல காரியம் எதற்கும் முழுகிவிட்டுத் தொடங்கும் பழக்கம் எங்களுடையது. சித்தியும் விடிய எழும்பிச் சீயாக்காயும் தேசிக்காயும் வைத்துத் தலையைச் சுரண்டிச் சுரண்டி முழுகினார். சலூனுக்கு நிறம் எடுக்க வரும் வெள்ளைக்காரிகள் இரண்டு மூன்று நாள் தலை கழுவாமல் வருவதைக் கண்டிருக்கிறார். அவர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று நினைத்தாராம். உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, நெற்றியிலும் காதிலும் வஸ்லின் பூசி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெள்ளைத் தூளையும் கிரீமையும் குழைத்தார். குழைத்தது தயிர் போல, ஆனால் இலேசாக நீலம் பூத்து நின்றது. மணம் மூக்குக்குள் ஊசியாக ஏறியது. தலைத்தோலில் படாமல் விரலளவு தள்ளி, கறுப்பில் மட்டும் பூச வேண்டும் என்பது எனக்கு உத்தரவு.

நான் பூசினேன். பிடரியில் தூரிகை தோலைத் தொட்டுவிட்டது.

சித்தி கதிரையோடு துள்ளினார். சீயாக்காய் எண்ணெய்ப் பசையை முழுதாக உரித்துவிட்டிருந்த தோலில் மருந்து நெருப்பாகப் பிடித்தது. தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்து, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, “இல்லையடி குஞ்சு, உன்ரை பிழை இல்லை, இல்லையடி” என்று தண்ணீருக்குள்ளிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் தலையைத் துவட்டி நிமிர்ந்தபோது யன்னல் வெளிச்சத்தில் கறுப்பைக் காணவில்லை. சிவப்பு நின்றது. நான் அழுகையை மறந்துவிட்டேன். கறுப்பு எங்கே போனது? தண்ணீரில் ஒரு சொட்டுக் கறுப்பில்லை. தொட்டியின் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமை இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் மயிர் அறுந்துவிடும் என்றார் சித்தி. அந்த இடைவெளியில் ஒரு மாலை அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு எங்கள் அறைக்குள் வந்தார். கட்டில் நுனியில் இருந்தார். “இஞ்சை வா” என்றார்.

சித்தி அசையவில்லை.

“எண்ணெய் இல்லாத தலையிலை நெருப்பை வைக்கிறதே? படிச்சனியாம், சலூனிலை நிண்டு. வா எண்டுறன்.”

துண்டை அவிழ்த்தது அம்மாதான். அந்த வெள்ளை அம்மாவின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அம்மா எண்ணெயைக் கையில் ஊற்றி, உச்சியில் வைத்து, பிறகு மெதுவாக, மெதுவாக, நுனிவரைக்கும் இழுத்தார். வெளியே இரண்டு ரயில் போயிற்று. முடிந்ததும் அம்மா கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். நல்லவேளை, அம்மா கவனிக்கவில்லை என்று நான் பெருமூச்சு விட்டேன். அன்று இராச் சாப்பாட்டுக்குக் கணவாய்க் கறி. சித்திக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் அம்மா மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறைக்கு முன் மூன்று நாள் தலையில் தண்ணீர் படவில்லை. எண்ணெயில் ஊறிய தலையில் மருந்து அமைதியாக வேலை செய்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மயிர்க்கற்றையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடிப்பேன்; கண்ணாடியில் சித்தி பார்ப்பார். ஒவ்வொரு துடைப்புக்கும் வேறு நிறம். விளக்கு எரிவதுபோல் சிவப்பு மெல்ல மெல்ல செம்மஞ்சளாகிறது. அது நடக்கும்போது ஒரு சத்தமும் இல்லை. கோயிலில் திரை விலகும்போதுகூட மணி அடிக்கிறார்களே, இதற்கு ஏன் ஒன்றும் அடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கரட் நிறத் தலையோடு சித்தியை வெளியே விட்டோம். துண்டு வழுகிற இடமெல்லாம் கேள்வி. தமிழ்க்கடையில் ஒரு அன்ரி கூடையைக் கீழே வைத்துவிட்டு, “என்ன பிள்ளை இது கோலம்? எங்கடை ஆக்கள் செய்யிற வேலையே?” என்றார். சலூனில் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அப்பா குசினி வாசலில் நின்று, “மச்சாள், இனி உம்மோடை இங்கிலீசிலைதான் கதைக்க வேணுமோ?” என்று கேட்டார். சித்தி எல்லோருக்கும் சும்மா ஒரு ஆசை என்றார். சனிக்கிழமை அவர் எடுக்கும் தொலைபேசியில் மட்டும் சித்தியின் குரல் வேறாக இருந்தது. “ஓம்... ஓம்... வருவன். கட்டாயம் வருவன்” என்று வயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தொலைபேசி நீளவில்லை. வைத்துவிட்டு வந்து சித்தி சொன்னார்: முகாமில் ஒரு கதை அடிபடுகிறதாம், வருகிற கிழமை சிலரை நாட்டின் மேற்கு மூலையில் வேறொரு முகாமுக்கு மாற்றப் போகிறார்களாம். அவருடைய பெயரும் இருக்கலாமாம். வர விருப்பமில்லையென்றால் சொல்லிவிடும்படி, தான் விளங்கிக்கொள்வதாக, அவர் சொன்னாராம்.

நாளைக்கே போக வேண்டும். மூன்றாம் முறைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

சித்தி உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போனார். நானும் போனேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்து வாசலில் சாய்ந்து நின்றார். சித்தி பிடரியின் அடியிலிருந்து சின்னக் கற்றையொன்றை வெட்டி, மருந்தில் தோய்த்து வைத்து, கழுவி, என் கையில் தந்தார். “இழுத்துப் பார். ஊறின இடியப்பம் மாதிரி நீண்டுகொண்டே போனால் முடிஞ்சுது. திரும்பிச் சுருங்கினால் இன்னும் உயிர் இருக்கு.”

இரண்டு முனையையும் பிடித்தேன். இழுத்தேன். நீண்டது. ஒரு முனையை விட்டேன்.

சுருங்கியது. சின்னப் புழுவொன்று தன்னை ஒடுக்கிக்கொள்வது போல, என் விரலுக்கிடையில், சுருங்கியது.

“இருக்கு!” என்று கத்தினேன். அம்மா பேசாமல் வந்து தூரிகையை எடுத்தார். இந்தமுறை பின்பக்கம் அம்மா, முன்பக்கம் சித்தி, நேரம் பார்ப்பது நான். இருபதாவது நிமிடம் கற்றையைத் துடைத்தபோது, உரித்த வாழைப்பழத் தோலைத் திருப்பினால் உட்புறத்தில் ஒரு மஞ்சள் இருக்குமே, வெள்ளையாவதற்கு யோசித்துக்கொண்டிருக்கும் மஞ்சள், அது வந்திருந்தது. “காணும், நிப்பாட்டு” என்றார் சித்தி. கழுவி, ஊதா நிற ஷாம்பு வைத்து, மறுபடி கழுவி, காயவிட்டபோது, வகிட்டு வெள்ளை எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அம்மா ஒரு கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மயிர் உடையவில்லை. நிலா வெளிச்சத்தை யாரோ நூலாக நூற்று எங்கள் வீட்டில் விட்டுப்போனது போலிருந்தது. அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

ஞாயிறு பின்னேரம் வில்லாவுட்டில், வேலிக்குள்ளே, வெளிமுற்றத்தில் மேசை கதிரை போட்டிருந்தார்கள். எங்கள் பைகளையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அளவுக்குப் பெரிய சேர்ட். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி நின்ற மஞ்சள் தலைக்காரியைப் பார்த்தார். அப்படியே நின்றார். இப்போது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று சித்திக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன்: சும்மா ஒரு ஆசை.

அவர் கிட்ட வந்து, “மெலிஞ்சு போனீர். சாப்பிட்டனீரோ?” என்றார்.

சித்தி தலையாட்டினார். சாப்பாட்டுப் பெட்டியை அம்மா திறந்தார். அவர் ஒரு பிடி எடுத்துவிட்டு, ரயில் கிட்டவோ தூரவோ என்று கேட்டார், வேலை எப்படி என்று கேட்டார், என்னை எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். தலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போதுதான் சித்தி அதைச் செய்தார். கதிரையை அவர் பக்கம் இழுத்து, பேன் பார்க்கக் குனிவது போலத் தலையை அவர் முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் வகிட்டை விரித்துக் காட்டினார். “பாருங்கோ” என்றார். “இது மஞ்சளில்லை.”

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தார். எடுக்கவில்லை. அப்பா எழும்பி வேலிப் பக்கம் நடந்தார். அம்மா சாப்பாட்டுப் பெட்டியை மூடினார், திறந்து மறுபடி மூடினார்.

எனக்கு வந்தது கோபம். ஐந்து கிழமை. பிடரி வெந்தது, கையெல்லாம் மருந்து மணந்தது, பள்ளிக்கூடத்தில் என் உயிர்ச் சிநேகிதிக்குக்கூட வாய் திறக்கவில்லை. யார் பார்க்கக்கூடாது என்று அவ்வளவும் செய்தோமோ, அவரிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டார்.

காரில் வரும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “ஏன் காட்டினனீங்கள்?”

சித்தி யன்னலைத் திறந்து வைத்திருந்தார். காற்றில் அந்த மயிர் முழுக்கப் பறந்தது.

“எல்லாரும் ஏன் எண்டு கேட்டவை” என்றார். “அவர் கேட்கேல்லை.”

இதுவும் ஒரு பதிலா? கேட்காதவருக்கு யாராவது போய்க் காட்டுவார்களா? வீடு வரும்வரைக்கும் நான் சித்தியோடு கதைக்கவில்லை.