யாரும் தொடாத வயர்

கோகிலவாணி ஆட்களைச் சேர்த்து வைத்து விசாரிப்பதில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "எதைத் தொட்டீங்க?" கேள்வி ஒன்றுதான். பதிலும் ஒன்றுதான்: "ஒண்ணும் தொடல." அதைப் பெயருக்கு நேரே ஒரு குட்டி நோட்டில் குறித்துக்கொள்வார். எழுதுவது தமிழ், எழுத்து இங்கிலீஷ். தாராவியில் பிறந்து தாராவியிலேயே படித்தவர். "தமிழ் பேச வரும், ஏச வரும். எழுதத்தான் வராது" என்பார்.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து செம்பூர் வரை பட்டறை, கிளினிக், டியூஷன் வகுப்பு என்று நாற்பது இடங்களின் வைஃபை அவர் பொறுப்பில் இருக்கிறது. முதுகில் பை, இடுப்பில் இறுக்கி முடிந்த துப்பட்டா, ஏணி ஏறும்போது பல்லிடுக்கில் டார்ச். டார்ச்சைக் கடித்தபடியே பேசுவார். அவர் திட்டுகிறாரா, ஸ்க்ரூ டிரைவர் கேட்கிறாரா என்று கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது.

வீடு மான்குர்த்தில். காய் வாங்கப் போனால் முதலில் தன் போனைத் தராசில் வைப்பார். அதன் எடை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிராம். தராசு வேறு சொன்னால் அடுத்த வண்டி. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மாற்றிவிடுவார். கணவருக்கு அது மூன்றாம் தேதிதான் கிடைக்கும். "மொத ரெண்டு நாள் பாஸ்வேர்டு சொல்லாமலே யாருக்கெல்லாம் நெட் வருதுன்னு பாக்கணும்லா?"

பிரம்மநாயகம் அண்ணாச்சியின் பள்ளிப்பைப் பட்டறைக்கு அவர் வந்தது விஜயதசமிக்கு மறுநாள். பைகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது அங்கே என் வேலை. மேல்மாடியில் பேக்கிங், அதைப் பார்ப்பவன் அல்தாப், எட்டு வருடமாக. மேலே அவன் போனில் தட்டினால் கீழே பிரிண்டரில் விலாச லேபிள் வரும். அன்று காலையிலிருந்து வரவில்லை. ஒரு பார்சலும் வாசலைத் தாண்டவில்லை.

அண்ணாச்சி ஆளை முடிவு செய்துவிட்டிருந்தார். "யம்மா வாணி, இந்த அல்தாபை வாஷி பக்கம் ஒரு கம்பெனிக்காரன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். போற போக்குல எதையோ நோண்டி வச்சிட்டான். லீவுக்கு முந்தின நாள் கடைசியாப் பூட்டினது இவன்தாம்லா. இன்னையோட நிப்பாட்டிருதேன்."

"கூப்பிட்டான், வரலைன்னுட்டேன் அண்ணாச்சி. அல்லா மேல ஆணையா நான் ஒண்ணும்…"

"ஆணையெல்லாம் வேண்டாம் தம்பி. போனைக் குடு" என்றார் கோகிலவாணி.

என்னையும் கேட்டார். தொடவில்லை என்றேன். "பேசாம இருக்கிறவந்தான் ஜாஸ்தி நோண்டுவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். நான் உண்மையிலேயே தொடவில்லை. ஆனாலும் எதையோ தொட்டிருப்பேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

"என் பட்டறைல என்னையே கேக்கியா?" என்றார் அண்ணாச்சி.

"கேட்டா தேஞ்சிர மாட்டீங்க."

"நான் எதுக்குத் தொடப் போறேன்? ஒண்ணும் தொடல."

கோகிலவாணி அல்தாபின் போனோடு கீழே வந்து தட்டினார். லேபிள் வந்தது. அதே போன், அதே பாஸ்வேர்டு, மேலே போனால் வரவில்லை. சிக்னல் கோடுகள் என்னவோ நிறைந்து நின்றன. வாடிக்கையாளருக்கான வைஃபைக்கு மாற்றினால் உலகமே தெரிந்தது. பட்டறை வைஃபைக்கு வந்தால் பத்தடி கீழே இருக்கும் பிரிண்டர் தெரியவில்லை.

"வைஃபை விடுற ஆக்சஸ் பாயிண்ட் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று அண்ணாச்சிக்கு விளக்கினார். "ரெண்டும் உங்க ரூம்ல இருக்கிற ஸ்விட்ச் பெட்டில வந்து சேருது. ஒரே வயருக்குள்ள ரெண்டு ரோடு போட்டு வச்சிருக்கேன். ‘வி-லான்’னு பேரு. ஒண்ணு உங்க ஆட்களுக்கு, ஒண்ணு வர்றவங்க போறவங்களுக்கு. இதுல போறவன் அதுக்குத் தாவ முடியாது. மேல இருந்து வர்ற உங்க ஆட்களோட ரோடு எங்கயோ மறிச்சுக் கிடக்கு."

"அவன்தான் மறிச்சிருக்கான்."

"எனக்கு எல்லார் மேலயும் டவுட்டு அண்ணாச்சி. நீங்க ஒருத்தன் மேல மட்டும் வச்சா எப்படி?"

ஸ்விட்ச் இருந்தது அண்ணாச்சி அறை அலமாரியில். கதவைத் திறந்ததும் டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. பெட்டியில் தூசி இல்லை. தாராவியில் தூசி இல்லாத ஸ்விட்சை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம். முகப்பில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம்.

"ஆயுதபூஜைக்கு வச்சதும்மா. தையல் மெஷினுக்கெல்லாம் வச்சேன். இதும் உழைக்குதுலா?"

"தொடச்சிட்டா வச்சீங்க?"

"அழுக்கு மேலயா பொட்டு வைப்பாங்க?"

"தொடைக்கையில வயரைக் கழட்டினீங்களா?"

அண்ணாச்சியின் குரல் இறங்கியது. "கழட்டினதை அப்படியேதான் மாட்டினேன்."

கோகிலவாணி வயர்களை விரலால் தொடர்ந்துபோனார். மேல்மாடி வயர் கடைசித் துளையில் இருக்க வேண்டும். இரண்டு ரோடும் திறந்திருப்பது அங்கேதான். அங்கே கண்காணிப்புக் கேமராவின் வயர் உட்கார்ந்திருந்தது. மேல்மாடி வயர் அதற்கு முந்தைய துளையில், வாடிக்கையாளர் ரோடு மட்டும் போகிற இடத்தில். அதன் கிளிப்பில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜையன்று அல்தாப் பட்டறைக்கே வரவில்லை.

அண்ணாச்சி அறைக் கதவைச் சாத்தினார். "வாணி, வயர் தானா லூஸாயிருச்சுன்னு சொல்லிருவோம். எதுக்கு வீண் வம்பு, லஃப்டா?"

"லூஸான வயருக்குச் சந்தனம் யாரு வச்சா?"

கதவைத் திறந்து அல்தாபைக் கூப்பிட்டார். இரண்டு வயரையும் உருவினார். மேல்மாடி வயரின் நுனியை, சந்தனம் தெரியும்படி, அவன் முன்னால் நீட்டினார். "நீ மாட்டு."

அல்தாப் சந்தனத்தைப் பார்த்தான். கை நீளவில்லை.

"தொடலாமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கைதான்டே தப்பு" என்றார் கடைசியில். "மாட்டு. மாட்டிட்டுப் போயி வேலையைப் பாரு."

கடைசித் துளையில் செருகினான். பச்சை விளக்கு துடித்தது. போனை வாங்கிக்கொண்டு படியேறிப் போனான். பிறகு பிரிண்டர் உறுமி, காலையிலிருந்து தேங்கிய லேபிள்களை ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கியது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோகிலவாணி அலமாரிக்குள் கையை விட்டு, அல்தாப் மாட்டிய வயரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.